ஒரு நூல் பின்னால்

வந்தது ஸ்பீக்கர் வாங்கத்தான், வேறு எதற்கும் இல்லை என்று வினோலியா தனக்குத்தானே மறுபடியும் சொல்லிக்கொண்டாள். இப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருப்பதே ஒரு மாதிரியாக இருந்தது. கத்தரிக்காய் வாங்கப் போகிறவள் யாராவது கத்தரிக்காய் வாங்கத்தான் போகிறேன் என்று மனதுக்குள் ஜெபம் பண்ணிக்கொண்டு போகிறாளா? வண்ணார்பேட்டையில் அந்த இசைக்கருவிக் கடையின் பின்னறை, ஏசி ஓடியும் புழுக்கம் போகாத அறை, அதில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல், ஸ்டூலில் அவள், அவள் மடியில் பாட்டுக்கு அடிநாதம் கொடுக்கிற பேஸ் கிடார். கிடார்கூட அவளுடையது இல்லை, சர்ச்சுடையது. எதிரே மேசையில் மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள் அண்ணன் தம்பி மாதிரி உயர வரிசையில் நின்றன. விற்பனையைக் கவனிக்கிற இசக்கிராஜ் மேசைக்கு அடியில் தலையை விட்டு வயர் மாட்டிக்கொண்டே, "பட்ஜெட் எவ்வளவு டீச்சர்?" என்றான். சொன்னாள். அவன் முகம் மாறவில்லை, அதற்காகவே அவனைப் பிடித்துப்போனது, ஆனால் கை மட்டும் பெரியண்ணனை விட்டுவிட்டு நடுத்தம்பியிடம் நகர்ந்தது. சத்தம் நிறைய வேண்டாம், அடிநாதம் தெளிவாகக் கேட்டால் போதும், படிக்கிற மேசையில் வைக்கிற அளவு என்று அவள் சொல்ல, "எல்லாரும் சத்தம் வேணும்னுதான் வாராங்க. சத்தம் வேண்டாம்னு கேக்கது நீங்கதான்" என்று சிரித்தான். அவனுக்கென்ன தெரியும், அவன் வீட்டுக்குக் கீழே ரத்தினசாமி இல்லை. வீட்டு ஓனர் ரத்தினசாமி நல்ல மனுஷர், அதுதான் தொல்லையே. ஒரே ஒரு தடவை இரவல் ஆம்ப்ளிஃபயரை மாடியில் வைத்து அவள் தடித்த கம்பியைச் சுண்டியபோது அவர் வீட்டு அடுப்படியில் எவர்சில்வர் தட்டுகள் ஒன்றோடொன்று பேச ஆரம்பித்துவிட்டன. மனுஷர் படியேறி வந்து, கோபமே இல்லாமல், "என்ன டீச்சர், மேல கிரைண்டர் போட்டிருக்கியளா?" என்று கேட்டார். கோபப்பட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். அன்றைக்கு ஹெட்ஃபோனை மாட்டியவள்தான். காதுக்குள் அவளுக்கு ஒரு உலகமே ஓடும், வெளியே அவள் கணவர் ஆசீருக்குக் கேட்பதெல்லாம் விரல் கம்பியில் படுகிற டொக் டொக். "மரங்கொத்தி வந்தாச்சா" என்பார், பேப்பரை மடக்காமலே. கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படித்தான், கேலியும் பாசமும் ஒரே பாத்திரத்தில்தான் வரும். இப்போதும் கடைக்குள் வராமல் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருக்கிறார், உள்ளே வந்தால் விலையைக் கேட்டுத் தலை சுற்றும் என்று அவரே சொன்னார்.

ஹெட்ஃபோன் போதாதா என்று நேற்றும் அவர் கேட்டார். காது வலிக்கிறது என்றாள். பொய் இல்லை, காது வலிக்கத்தான் செய்தது, ஆனால் காது வலித்ததற்கு ஒருத்தி கட்டில் வாங்க வைத்திருந்த பணத்தை எடுப்பாளா? கட்டிலுக்கு என்ன, இன்னும் ஒரு வருஷம் ஆடிக்கொண்டு கிடக்கட்டும். ஆடுகிறது என்றதும் மனசு நேராக அங்கேதான் போய் நின்றது, எதைத் தொட்டாலும் அங்கேதான் போய் நிற்கிறது, போன ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். அவள் ஆல்டருக்குப் பக்கத்துத் தூணுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். தூணுக்கு அந்தப் பக்கம் டிரம்ஸ் வாசிக்கிற தாசன் அண்ணன், பாட்டுக்குழுவை நடத்துகிற கொயர் மாஸ்டரிடம் சொன்னார்: "வினோ கொஞ்சம் பின்னாலதான் வருது சார்." அவர் குரலில் குற்றம் இல்லை. தபால் ஆபீஸ் கவுண்டரில் முத்திரை குத்திக்கொண்டே பேசுவாரே, அதே குரல். மாஸ்டர் உம் கொட்டிவிட்டு, பெங்களூரிலிருந்து வந்திருக்கிற ஒரு பையன் பேஸ் நன்றாக வாசிப்பானாம், பார்ப்போம் என்றார். பார்ப்போம். அவ்வளவுதான். அவள் சுருட்டி முடித்த வயரை அவிழ்த்து மறுபடியும் சுருட்டினாள். பின்னால் வருகிறாளா? யார் பின்னால்? பிளஸ் டூவுக்கு இருபது வருஷமாகக் கணக்கு எடுக்கிறவளுக்கு ஒன்று இரண்டு மூன்று நாலு எண்ணத் தெரியாதா? சர்ச்சில் எதிரொலி, அது காரணம். ஓட்டை ஸ்பீக்கர், அது காரணம். ஹெட்ஃபோனில் பழகியது, காதுக்குள்ளேயே கேட்டுக் கேட்டு வெளியே எப்படிப் போகிறது என்று தெரியவில்லை, அது கட்டாயம் காரணம். ஆகவே ஸ்பீக்கர் வாங்க வேண்டும், காற்றில் கேட்க வேண்டும், கேட்டு நான் சரியாகத்தான் வருகிறேன் என்று நிச்சயப்படுத்திக்கொண்டு அடுத்த ஞாயிறு தூணுக்கு இந்தப் பக்கம் தலை நிமிர்ந்து நிற்க வேண்டும். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். சே, அப்படி இல்லை. கூடம் நிஜமாகவே கோணலாக இருக்கக்கூடாது என்று ஏதாவது சட்டமா?

"பின்பக்கம் ஓட்டை இருக்குல்லா டீச்சர், சுவத்துல ஒட்டி வச்சிராதீங்க, கும்முனு அடைக்கும்" என்றான் இசக்கிராஜ். சரி என்றாள், ஓட்டை, சுவர், கும். வீட்டில் மேசை சுவரை ஒட்டித்தான் கிடக்கிறது, நகர்த்தினால் பீரோ திறக்காது, பீரோவுக்குள் அவள் சேலைகளுக்கு நடுவே அந்த ஆஸ்பத்திரி ஃபைல். கழுத்தில் அறுவை சிகிச்சை முடிந்து டாக்டர் குரல் கொஞ்ச நாளில் வந்துவிடும் என்றார். வந்தது, பேசுகிற குரல் வந்தது, பாடுகிற குரல் வரவில்லை. கல்லூரி முடித்த வருஷத்திலிருந்து கொயரில் கீழ்க்குரல் பாடுகிற ஆல்டோ வரிசையில் நின்றவள் திடீரென்று ஒரு நாள் மேலே ஏறப் பார்த்தாள், படியே இல்லை. வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்ற ஞாயிறுகள் எத்தனையோ. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாத மாதிரி நின்றார்கள், அந்தக் கருணைதான் தாங்கவில்லை. விலகிவிடலாம் என்றிருந்தபோதுதான் பேஸ் வாசித்துக்கொண்டிருந்த பையன் துபாய்க்கு விமானம் ஏறினான், கிடார் உறையோடு சர்ச் அலமாரியில் படுத்துக்கிடந்தது. "நாலு கம்பிதானே டீச்சர்" என்றார் மாஸ்டர். நாலு கம்பிதான். போனில் வீடியோ பார்த்து, விரல் நுனி கொப்புளித்து, கொப்புளம் காய்த்து, ஒரு நாள் பாட்டுக்கு நடுவே அவள் அழுத்திய சுரம் பெஞ்சு வழியாக ஏறிப் பாடுகிறவர்களின் காலுக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அன்றைக்கு அவள் அழுதாள். குரல் போனவள் எல்லோருடைய குரலுக்கும் அடியில் இருந்தாள். யாருக்கும் தெரியாது, பேஸ் இருந்தால் யாரும் கவனிப்பதில்லை, இல்லாவிட்டால்தான் என்னவோ குறைகிறதே என்பார்கள். அதுகூட அவளுக்குப் பிடித்திருந்தது. அதையும் இப்போது பெங்களூர்ப் பையனிடம் கொடுத்துவிட்டு, நடுப்பெஞ்சில் போய்க் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டுமா? முடியாது. எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுப்பாள், இதை முடியாது.

"நடு சைஸை முதல்ல கேளுங்க." இசக்கிராஜ் தன் போனையும் அவள் கிடாரையும் ஸ்பீக்கரோடு இணைக்கிற ஒரு சின்னப் பெட்டியில் சொருகி வெறும் டிரம் தாளம் ஒன்றை ஓடவிட்டான். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பாட்டின் அடிவரியைத் தொட்டாள். தொட்டதும் அறை நிறைந்துவிட்டது. எத்தனை அழகு, மாவு புளித்துப் பொங்குகிற மாதிரி ஒவ்வொரு சுரமும் உப்பி எழுந்து அடுத்ததன்மேல் சாய்ந்தது, தாளத்தின் டும்மும் அவளுடைய சுரமும் எது எங்கே தொடங்குகிறது என்றே தெரியாமல் ஒன்றுக்குள் ஒன்று புதைந்தன. பார்த்தாயா என்று தூணுக்கு அந்தப் பக்கத்தைப் பார்த்து மனசு சொன்னது. எங்கே பின்னால்? கேளுங்கள் தாசன் அண்ணே, நன்றாகக் கேளுங்கள். இதையே எடுத்துவிடலாம், இத்தோடு எழுந்துவிடலாம் என்று கால் சொன்னது. ஆனால் உள்ளே ஒரு ஓரத்தில், விடைத்தாள் திருத்துகிறபோது மட்டும் விழித்துக்கொள்கிற ஒரு வினோலியா டீச்சர் இருக்கிறாளே, அவள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, எல்லாமே அழகாக இருக்கிறதே, அது எப்படி என்று கேட்டாள். ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள், சின்ன ஸ்பீக்கர்களால் அந்த அடிமட்டச் சுரத்தைக் கொடுக்கவே முடியாதாம், அதற்கு மேலே கிளம்புகிற சின்னச் சின்ன நாதங்களைத்தான் கொடுக்குமாம், அதைக் கேட்டுவிட்டுக் காது தானாகவே அடிச்சுரத்தைப் போட்டு நிரப்பிக்கொள்ளுமாம். இல்லாததைக் கேட்கிற காது. அதைக் கேட்ட அன்று எவ்வளவு இனிமையாக இருந்தது, இன்றைக்கு இல்லை. இல்லாததை இருப்பதாகச் சொல்கிற காது, இருப்பதை இல்லை என்றும் சொல்லுமா? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள், தன் சத்தம் தெரியுமா? "சின்னதையும் போடுங்க" என்றாள், தன் வாயா சொன்னது என்றிருந்தது. "அது வேண்டாம் டீச்சர், அது வறட்டுனு இருக்கும், யாரும் எடுக்க மாட்டாங்க." "பரவாயில்ல, போடுங்க."

சின்னத் தம்பி வறட்டுப் பயல்தான். இனிப்பு, உப்பல் ஒன்றும் இல்லை, கொடுத்ததைத் திருப்பிக் கொடுத்தது. அதே தாளம், அதே அடிவரி. டும், பிறகு அவள். டும், பிறகு அவள். ஊசியில் கோக்கிற நூல் ஒன்று நடுவே போகிற இடைவெளி, ஆனால் இருந்தது. எல்லா டும்முக்கும் இருந்தது. அவள் நிறுத்தினாள். "இந்தப் பெட்டியில ஏதாவது லேட்டாகுமா?" என்று இசக்கிராஜிடம் கேட்டபோது தன் குரலில் இருந்த கெஞ்சல் அவளுக்கே கேட்டது. "ப்ளூடூத்னா ஆகும் டீச்சர். இது வயரு, லேட்டாக வழியே இல்ல" என்றான் அவன், தன் சரக்கைக் காப்பாற்றுகிற பெருமையோடு. வழியே இல்லை. மறுபடியும் வாசித்தாள். ஒன்று இரண்டு மூன்று நாலு, எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கிறது, எண்ணிக்கைக்குப் பிறகு கை ஒரு கணம் நிற்கிறது, எதற்கோ நிற்கிறது, யாரையோ எதிர்பார்த்து வாசலில் நிற்கிற மாதிரி. யாரை? சட்டென்று தெரிந்துவிட்டது, தெரியாமலே இருந்திருக்கலாம். வீட்டில் அவள் ஒரு நாளும் தனியாக வாசித்ததில்லை. போனில் பாட்டை ஓடவிட்டு, அதோடு சேர்ந்துதான் வாசிப்பாள், அந்தப் பாட்டுக்குள் ஏற்கெனவே ஒருவர் பேஸ் வாசித்துக்கொண்டிருக்கிறார், எந்த ஊரோ என்ன பேரோ. அவர் காலை வைத்த பிறகு அந்தத் தடத்தில் இவள் காலை வைப்பாள். ஹெட்ஃபோனுக்குள் இரண்டு பேரும் ஒருவராகிவிடுவார்கள், அவருடைய சுரம் எது தன்னுடையது எது என்று அவள் பிரித்துப் பார்த்ததே இல்லை. ஆகா நன்றாக வாசிக்கிறோமே என்று பூரித்த இரவுகளில் பூரித்தது அவரைக் கேட்டுத்தான். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற பிள்ளைகளை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவாள், வெளியே நிறுத்துவாள். மூன்று வருஷமாக அவளே விடையைப் பார்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது. ஏசி அறையில் காதுமடல் சுட்டது.

அப்படியே உறையில் போட்டுக் கட்டிவிட்டுப் போய்விடலாம். மாஸ்டரிடம் கழுத்து வலிக்கிறது என்றால் நம்புவார், கழுத்தில் தழும்பு இருக்கிறது, யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெங்களூர்ப் பையன் வரட்டும், சின்ன வயசு, விரல் ஓடும். இப்படி நினைக்க நினைக்க ஒரு ஆறுதல்கூட வந்தது, அந்த ஆறுதலை உடனே அவளுக்குப் பிடிக்கவில்லை. வாயை மட்டும் அசைத்து நின்ற ஞாயிறுகளிலும் இதே ஆறுதல்தான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. கை தானாகக் கம்பிக்குப் போனது. நிற்காதே, யாரும் வரப்போவதில்லை, நீயே காலை வை. வைத்தாள், டும்முக்கு முன்னால் போய் விழுந்தது, இருட்டில் இல்லாத படிக்குக் காலை நீட்டின மாதிரி. மறுபடியும். முன்னால். மறுபடியும், பின்னால், பழைய இடம். இசக்கிராஜ் பொறுமையாகத் தன் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடினாள், மூடினால் பயம் கூடியது, திறந்துகொண்டாள். சின்ன ஸ்பீக்கரின் கறுப்புக் காகிதக் கூம்பு துடிப்பதையே பார்த்தாள். அப்போது ஒரு தடவை, ஒரே தடவை, அவள் சுண்டினாள், சுரம் கேட்கவில்லை. கேட்கவே இல்லை, டும் மட்டும்தான் கேட்டது, ஆனால் அதற்கு அதுவரை இல்லாத ஒரு உடம்பு இருந்தது. அவள் திடுக்கிட்டு அடுத்ததை விட்டுவிட்டாள். சரியான இடத்தில் விழுந்தால் என் சுரம் தனியாகக் கேட்காது போலிருக்கிறதே. அப்படியானால் இத்தனை நாளும் சர்ச்சில் என் சுரம் எனக்கு அவ்வளவு நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தது எதனால்? அவளுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணிலும் கொஞ்சம் வந்தது. நிமிர்ந்தால் கதவில் ஆசீர், கையில் ஹெல்மெட், எப்போது வந்தாரோ. "இதையா நீ வீட்ல டொக்கு டொக்குனு கொத்திக்கிட்டு இருந்த?" என்றார். கேலி இல்லாமல் அவர் பேசி அவள் கேட்டது அபூர்வம். "நல்லால்ல" என்றாள். "எனக்கு அதெல்லாம் தெரியாது. ஆனா இது இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது." அவர் மேசையைப் பார்த்தார். "எது எடுக்க?" "சின்னது." "முதல்ல ஒண்ணு போட்டியே, வெளிய வரைக்கும் கேட்டுச்சு, அது நல்லா இருந்துச்சே." "அதுல நான் நல்லா வாசிக்கிற மாதிரி இருந்துச்சு. அதான் வேண்டாம்." ஆசீருக்குப் புரியவில்லை, ஆனால் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் சொல்லவில்லை. கட்டில் பணத்தில் பாதி மிஞ்சியது.

பெட்டி கட்டி வருவதற்குள் அவள் கடை வாசலுக்கு வந்து வேப்பமர நிழலில் நின்றாள். வெயில் ரோட்டில் பஸ்கள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு போயின. போனை எடுத்தாள், உள்ளே வைத்தாள், எடுத்தாள். நான் கேட்டேன் என்று தாசன் அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே, தெரிந்தால் இரண்டு பேருக்கும் சங்கடம், சங்கடப்படாமல் இருக்கத்தானே அன்றைக்கு வயரை இரண்டாவது தடவை சுருட்டினேன். அழுத்திவிட்டாள். "சொல்லு தங்கச்சி" என்றார் தாசன் அண்ணன், பின்னால் முத்திரை குத்துகிற சத்தம். "அண்ணே, நான் பின்னால வாரேன்னு அன்னைக்கு சார்ட்ட சொன்னீங்கல்ல." முத்திரைச் சத்தம் நின்றது. "வினோ, நீ அங்கனயா இருந்த? நான் வந்து…" "தப்பா எடுக்கல. நீங்க சொன்னது சரிதான்ணே. எவ்வளவு நாளா இப்படி?" அவர் முத்திரையைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "ஆரம்பத்துல இருந்தேதான்ம்மா. நீ வந்து சேரட்டும்னு நானும் கொஞ்சம் நின்னு நின்னுதான் அடிப்பேன். அது பழகிப்போச்சு. இப்ப என்னன்னா பாட்டு இழுக்குது இழுக்குதுனு சார் அந்த சொப்ரானோ பிள்ளைகளைப் போட்டு ஏசுதாரு. அதுக பாவம்லா, அதான் சொல்லும்படியாச்சு." மேல்குரல் பாடுகிற அந்தப் பிள்ளைகள் ஏச்சு வாங்கும்போதெல்லாம், எண்ணத் தெரியாத கழுதைகள் என்று இவளும் மனசுக்குள் சேர்ந்து ஏசியிருக்கிறாள். மூன்று வருஷமாக ஒரு மனுஷர் டிரம் கட்டையைத் தூக்கி வைத்துக்கொண்டு இவளுக்காக ஒரு நூல் அளவு நின்றிருக்கிறார், அவருக்காகப் பாட்டு நின்றிருக்கிறது, பாட்டுக்காகக் கொயர் நாற்பது பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள், இவள் எல்லோரையும் தாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். மனசில் வந்தது வெட்கமா நன்றியா என்று அவளால் பிரிக்க முடியவில்லை. "ஞாயித்துக்கிழமை எனக்காக நிக்காதீங்கண்ணே" என்றாள். "நிக்காம அடிச்சா நீ தாளம் விட்டுப் போயிருவியேம்மா. எல்லார் முன்னாலயும்." "விட்டுட்டுப் போங்க. நான் வந்து புடிச்சிக்கிடுதேன்."

ஆசீர் பெட்டியை ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் நிமிர்த்தி வைத்து, காலை அகட்டி உட்கார்ந்தார். அவள் கிடாரை முதுகில் மாட்டிக்கொண்டு, சேலையை ஒதுக்கி, ஒரு கையால் அவர் தோளைப் பிடித்து ஏறினாள். பின்சீட்டில் அவள் நிலைகொள்வதற்கு எப்போதும் நேரமாகும், அதற்குள் அவர் "ஏறிட்டியா, ஏறிட்டியா" என்று கேட்டுக்கொண்டே இருப்பார், அவள் உம் என்று சொல்லாமல் வண்டி ஒரு நாளும் நகர்ந்ததில்லை. "ஏறி…" என்று அவர் வாயெடுத்தார். "போங்க" என்றாள். அவள் இன்னும் சரியாக உட்காரவில்லை, ஒரு செருப்பு மிதியில் பாதிதான் இருந்தது. வண்டி குலுங்கிக் கிளம்பியது.